பஸ் திரும்பும் அகலம்

"பலகைக்கு அளவெடுக்க வந்தியாம்மா?" என்று தையல்காரம்மா கேட்டார்.

ஆமாம் என்றேன். நான் வேலை பார்க்கும் கடையில் இரண்டு மொழிகளில் பலகை எழுதுவோம். இதில் என்ன எழுதப் போகிறாய் என்றார். புல்லில் நடக்கக் கூடாது என்று எழுதும்படி அவர் கணவர் காலையில் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னேன்.

"அவரு சொல்லுவாரு. பஸ் ஓட்டின காலம் பூரா 'படியில நிக்காத, உள்ள போ'ன்னு கத்தினவராச்சே. நீ உட்காரு."

உட்கார்ந்தேன். அன்று அளவெடுக்கவில்லை.

அவர்களுடைய தோட்டம், முன்பு பஸ் டெப்போவுக்குப் பின்னால் பழைய டயரும் உடைந்த கண்ணாடியும் கொட்டிக் கிடந்த நிலம். டிரைவரான கணவர் ஓய்வு பெற்ற கையோடு இருவரும் அதில் இறங்கினார்கள். அவர் கண்ணாடிச் சில்லைப் பொறுக்க, தையல்காரம்மா கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுத்தார். மண் கொட்டி, மரம் வைத்து, புல் நட்டார்கள். பாதையை மட்டும் தானே போடுவேன் என்று டிரைவர் பிடிவாதம் பிடித்தார். செங்கல் பதித்து முடித்துப் பார்த்தால், ஒவ்வொரு திருப்பமும் ஒரு பஸ் வளைந்து திரும்புகிற அளவுக்குச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"இதுல யாருங்க பஸ் ஓட்டிக்கிட்டு வரப் போறா?" என்று அம்மா கேட்டாராம்.

நிலம் நகராட்சியுடையது. அங்கே வண்டி நிறுத்துமிடம் கட்ட நினைத்திருந்தார்கள். கோடை முடியும்வரை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், அதற்குப் பிறகும் இது தோட்டமாகவே இருந்தால் விட்டுவிடுகிறோம் என்றார் அதிகாரி. திறந்த வாரமே புல் வழுக்கை விழத் தொடங்கியது. சுற்றிப் போக யாருக்கும் பொறுமையில்லை. எல்லோரும் புல்லின் குறுக்கே நடந்தார்கள். டிரைவருக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் பலகை.

அம்மாவுக்கு வேறொன்று மனத்தில் இருந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு பூங்காப் புல்லில் உட்கார்ந்திருந்தபோது, காவலாளி விசில் ஊதி விரட்டியிருக்கிறார்.

"திருட்டுப் பசங்க மாதிரி எழுந்து ஓடினோமே, மறந்துட்டீங்களா? நம்ம தோட்டத்துல நாமளே விசில் ஊதணுமா?" என்று கணவரிடம் கேட்டார்.

டிரைவர் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

அளவு தப்பினால் பிரித்துத் தைப்பது அம்மாவுக்குப் புதிதல்ல. புல் செத்துக் கிடந்த தடங்களின்மேல், துணியில் சாக்குக்கட்டியால் போடுவதுபோல, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். டிரைவர் பழைய பாதையைப் பெயர்த்து அந்தக் கோட்டில் பதித்தார். பெயர்த்த இடத்தில் புல் நட்டார்கள். மூலையில் ஒரே ஒரு பஸ் திருப்பத்தை மட்டும் அம்மா தொட விடவில்லை. அது அவருக்காகவாம்.

கோடை முடிந்து அதிகாரி வந்தபோது நானும் போயிருந்தேன். வேலைக்குப் போகிறவர்கள் பாதையில் விரைந்தார்கள். வேலையில்லாதவர்கள் புல்லில் படுத்திருந்தார்கள். புல் பச்சைப் பசேலென்று இருந்தது. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஒரு சுற்று நடந்தார்.

"வண்டியெல்லாம் வேற எங்கயாவது நிக்கட்டும்" என்றார்.

செய்தி டெப்போவுக்கு எட்ட நேரமாகவில்லை. நின்றிருந்த பஸ்கள் அத்தனையும் ஹாரன் அடித்தன. அன்றைய பூங்கா விசிலுக்கு இதுதான் பதில் என்று டிரைவர் சொன்னது அந்தச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

பொதுத் தோட்டம் என்றால் வாசலில் விதிகள் எழுதிய பலகை ஒன்று வேண்டுமே என்றார் அதிகாரி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பாஷை படிச்சவ நீ. ரெண்டுலயும் 'கூடாது' வராம எழுதிக் கொடும்மா."