கயிற்றில் கட்டிய விமானங்கள்

போன சனிக்கிழமை பினாங்குக் கடற்கரைப் பாடாங்குத் திடலில், ஐந்து பெண்கள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்ததைப் பார்த்துச் சிரித்தவர்களில் நீங்களும் உண்டா? பரவாயில்லை... முன்னால் நடந்தது நான்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் நான் வீட்டில் வாசித்துக் காட்டிய ஆங்கிலப் பத்திரிகை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் — இதை இந்தப் பத்தியில் நான் அடிக்கடி சொல்வதாக ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். இன்னும் சொல்வேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். மாலையில் நான் செய்தி படிக்காவிட்டால் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

சிங்கப்பூரிலிருந்து மூன்று ராணுவ விமானங்கள் வந்து பினாங்குக்கு மேலே வித்தை காட்டப் போவதாக அன்று செய்தி. அந்த வித்தை பிறந்த கதையையும் போட்டிருந்தார்கள்.

ஐரோப்பாவில் நடந்த பெரிய சண்டை முடிந்துவிட்டது. சண்டைக்கென்று பழகிய விமானிகள் என்ன செய்வார்கள்? ஆண்டுக்கொரு முறை லண்டனுக்குப் பக்கத்து மைதானத்தில் ஊரைக் கூட்டி, வானத்தில் குட்டிக்கரணம் போட்டார்கள். முதலில் தனித்தனியாக. பிறகு ஐந்து விமானம் சேர்ந்து, ஒரே விமானம் போல. பிறகு கலர்ப் புகை. அதுவும் பழகிப்போனதும் — விமானங்களை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டிக்கொண்டு மேலே ஏறினார்களாம். கரணம் அடித்து, கயிறு அறாமல் கீழே இறங்கினார்களாம்!

அப்பா நம்பவில்லை. என் தங்கை ஆரோக்கியம் நம்பினாள். நம்பியது மட்டுமல்ல, போய்ப் பார்க்க வேண்டும் என்றாள்.

ஆரோக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த பிறகு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்குப் படிப்பின் மேல் கோபமில்லை. பயமெல்லாம் பாதையின் மேல்தான். துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள், மாட்டு வண்டிகள், கப்பலிலிருந்து இறங்கும் ஆண்கள். நான் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறை ஊரில் ஆசிரியை. விடியற்காலைப் படகிலேயே போய்விடுகிறேன். அவளுக்கு யார் துணை? பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் அதே பள்ளிக்குப் போகிறார்களே என்றேன். அவர்களும் சின்னப் பிள்ளைகள்தானே என்றார்.

அன்று அப்பா மூலையில் கிடந்த கப்பல் கயிற்றை எடுத்து எங்கள் முன் போட்டார். திருவிழாக் கூட்டத்துக்குப் போகும்போது எங்கள் குடியிருப்புப் பெண்கள் கயிறு பிடித்துப் போவது வழக்கம்.

"வெள்ளைக்காரன் வானத்துலயே கட்டிக்கிட்டுப் போறான்னு சொல்ற. நீங்க தரையிலதானே போறீங்க, பிடிச்சுக்கிட்டுப் போங்க. ஒருத்தியும் தவறாம திரும்பி வந்தா, பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேசுவோம்."

அப்படித்தான் கிளம்பினோம். முன்னால் நான். நடுவில் ஆரோக்கியமும் அந்த இரண்டு பெண்களும். கடைசியில், எல்லாரையும் அதட்டுவதற்கென்றே பிறந்த பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா.

நான் வேகமாக நடப்பவள். கயிறு இழுபட்டது. பின்னாலிருந்து செல்லம்மா அக்காவின் குரல் வந்தது.

"டீச்சரம்மா, மெதுவா லா. நாங்க என்ன ரயில் பெட்டியா?"

பத்திரிகையில் படித்த இன்னொரு வரி அப்போதுதான் உறைத்தது. முன்னால் பறப்பவர் ஒருபோதும் முழு வேகத்தில் போக மாட்டாராம். அவரே முழு வேகத்தில் போனால், பின்தங்கியவர் எப்படி எட்டிப் பிடிப்பார்? நடையைக் குறைத்தேன். கயிறு தளர்ந்தது. கூட்டம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வழிவிட்டது.

விமானங்கள் வந்தன. கடல் பக்கமிருந்து, மூன்றும் அம்பு முனை போல, சிறகோடு சிறகு உரசிவிடும் நெருக்கத்தில். ஒரே நேரத்தில் சாய்ந்து, ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"கயிற்றைக் காணோமே?" என்றார் செல்லம்மா அக்கா. காசு கொடுத்து ஏமாந்தவர் போல.

தலைக்கு மேல் ஒரு தரம் தாழப் பறந்தபோது பாடாங்கே ஆர்ப்பரித்தது. நாங்களும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினோம்.

இரண்டு கைகளையும்!

சத்தம் அடங்கியதும் கீழே பார்த்தேன். கயிறு புல்லில் கிடந்தது. திரும்பினேன். எனக்குப் பின்னால் ஆரோக்கியம். அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள். கடைசியில் செல்லம்மா அக்கா. நின்ற இடம் மாறாமல், நின்ற வரிசை கலையாமல்.

திரும்பி வரும்போது கயிற்றைச் சுருட்டி அக்கா இடுப்பில் வைத்துக்கொண்டார்.

வாசலில் நின்ற அப்பா முதலில் தலைகளை எண்ணினார். பிறகு கயிற்றைப் பார்த்தார். அதை ஏன் சுருட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியம் முந்திக்கொண்டாள்.

"எல்லாரும் விட்டுட்டோம்ப்பா. யாரும் தொலைஞ்சு போகல."

போச்சு, என்று நினைத்தேன். அப்பா கயிற்றைக் கையில் வாங்கி, அறுந்திருக்கிறதா என்று பார்ப்பவர் போல முழுநீளமும் தடவினார். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்டார்.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?"

அந்தக் கயிறு இப்போது எங்கள் பின்கட்டில் இருக்கிறது — ஆரோக்கியத்தின் பள்ளிச் சட்டை அதில் காய்கிறது.