காற்றுப்பட்ட சேறு

யுத்தம் முடிந்த சில வருடங்களில், புத்தளம் களப்பில் சேறெடுக்கும் ஆய்வு வேலையொன்று எனக்குக் கிடைத்தது. கண்டல் மரங்களுக்கிடையே முழங்கால்வரை புதைந்து நின்று குழாயை இறக்குவேன். கூழ்முட்டை நாற்றத்தோடு கரிய சேறு வரும். அதைப் பையில் போட்டு, காற்றுப் படாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். ஆய்வுகூடத்தில் உலர்த்தி எரிப்பார்கள். எரிந்து குறைகிற எடைதான் சேதனப் பொருள். மக்கிய இலை, வேர், எல்லாம். கண்டல் சேற்றில் அது ஏராளம்.

இவ்வளவு தெரிந்ததுமே எனக்குத் தலைகால் புரியவில்லை. குறிஞ்சிப்பிட்டியில், லாத்தா என்று நான் கூப்பிடும் அக்காவின் கணவர், என் மச்சான், வெறும் மணலில் வெங்காயம் செய்கிறவர். எவ்வளவு பசளை போட்டாலும் மணல் குடித்துவிடும். அந்தப் போகத்தை நம்பித்தான் வீட்டுக்கு ஓடு போட இருந்தார்கள்.

"கண்டல் சேத்தப் போடுங்க மச்சான். முழுக்கச் சத்து" என்றேன்.

"உப்பு ஈக்குமே?"

"ரெண்டு மழைக்குக் கழுவிப் போயிடும். இதுலயே வேல செய்ற எனக்குத் தெரியாதா?"

அவர் நம்பினார். லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பல நடை ஏற்றி வந்து தோட்டம் முழுக்கப் பரப்பினோம். மழை பெய்தது, உப்பும் குறைந்தது. காய்ந்த கட்டிகளில் மஞ்சள் பூத்தபோது, சத்து வெளியே வருகிறது என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

நட்ட வெங்காயம் இரண்டு வாரத்தில் நுனி கருகிச் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை. ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்தில் சேற்றைச் சோதிக்கும் அம்மணியிடம் ஓடினேன்.

"இந்தச் சேத்தில கந்தகம் இருக்கு. காத்துப் பட்டா அமிலமாகிடும், இந்த மஞ்சளே அதுக்கு அடையாளம். அதுக்குத்தானே பையை இறுக்கிக் கட்டச் சொன்னது?" என்றார்.

மாதக்கணக்கில் அந்த முடிச்சைப் போட்டவன் நான். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

லாத்தா வீடு அந்த மாரியையும் கிடுகு வேய்ந்த கூரைக்கு அடியில்தான் கழித்தது. ஒழுகும் இடங்களில் சட்டி வைத்திருந்தாள்.

ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, பள்ளிவாசல் முற்றத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் மச்சானிடம் விசாரித்தார்.

"என்ன நடந்த தோட்டத்துக்கு? யாரு சொல்லிச் சேத்தப் போட்ட?"

"யாரும் சொல்லல்ல. நானாத்தான் போட்ட" என்றார் மச்சான். பிறகு, பக்கத்தில் நின்ற என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானே?"

"ஓம்" என்றேன்.