குடையக்காவை அழவைக்கும் திட்டம்

கணவனை இழந்த பெண் எவ்வளவு நாளுக்குள் அழுது முடிக்க வேண்டும் என்பதைப் பற்றித் திருச்சபைச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. இவ்வளவு பெரிய ஓட்டையை இத்தனை நூற்றாண்டாக எப்படித்தான் விட்டுவைத்தார்களோ. அதை அடைக்கிற பொறுப்பு கடைசியில் எங்கள் பங்குக் கோவிலின் வியாகுல மாதா பெண்கள் சபையின் தலையில் விழுந்தது.

அழ வேண்டியவர் குடையக்கா. ரயில் நிலையத்தில் பயணிகள் விட்டுவிட்டுப் போகும் பொருள்களைப் பாதுகாத்துத் திருப்பிக் கொடுக்கும் அறையில் அவருக்கு வேலை. நடைமேடையின் கோடியில், பார்சல் கிடங்கை ஒட்டி, கம்பி ஜன்னல் வைத்த அறை. உள்ளே இரும்பு அலமாரிகள். அவற்றில் குடைகள், டிபன் டப்பாக்கள், மூக்குக்கண்ணாடிகள், ஒரு வயலின், ஒரு பல்செட். பல்லை ரயிலில் விட்டுவிட்டு இறங்கிய மகானுபாவர் வீட்டுக்குப் போய் எதைக் கொண்டு சிரித்தார் என்று குடையக்கா ஒருநாளும் வியந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே பதறிக்கொண்டு வந்து நிற்பவரிடம் அவர் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: என்ன பொருள், கடைசியாக எங்கே பார்த்தீர்கள், என்ன நிறம், அடையாளம் ஏதாவது உண்டா. வைரத்தோடானாலும் ஓட்டைக் குடையானாலும் குரல் ஏறாது, இறங்காது.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்கியவர். போன மழைக்காலத்தில் ஒரு காலை, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அடக்கத்தில் குடையக்கா அழவில்லை. அதைக்கூட மன்னித்திருப்பார்கள். எல்லோரும் கலையும்போது மழை விட்டிருந்தது. மழை விட்டால் மனிதர்கள் குடையை மறப்பது இயற்கை. கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்திருந்த இரண்டு குடைகளைக் குடையக்கா எடுத்து, உதறி, மடக்கி, "இது யாருது?" என்று கேட்டார். புருஷனைப் புதைத்த கையோடு குடைக்கு ஆள் தேடிய பெண்ணை எங்கள் பங்கு அதுவரை கண்டதில்லை. அந்தப் பெயரும் அன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

மனசுக்குள்ளே என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. காலையில் எழுந்தார், பல் துலக்கினார், வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார். கட்டிலில் கணவர் படுக்கும் பக்கம் விரிப்பு கசங்காமலே கிடந்தது. துவைக்க எடுத்தபோது, பாதி வேலை மிச்சம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவரை உறுத்தியது.

அவர் அறையில் ஒரு விதி உண்டு. குறித்த காலத்துக்குள் தேடி வர ஆளில்லையென்றால், அது யாருக்கும் வேண்டாத பொருள், ஏலத்துக்குப் போய்விடும். குடையக்கா அந்த விதியைத் தன் மேலேயே பொருத்திப் பார்த்தார். அழுகை வரவில்லையே, அப்படியென்றால் தொலைந்துபோனது தனக்கு வேண்டாத மனிதர்தானா? பிரியமே இல்லாமலா ஒருவருக்கு இத்தனை வருஷம் சட்டை பட்டன் தைத்தோம்? தெரிந்துகொள்ளவும் வேண்டியிருந்தது, தெரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. அதனால்தான் அடக்கத்துக்குப் பிறகு அவர் கல்லறைப் பக்கமே போகவில்லை. அங்கே போய் நின்றும் கண் காய்ந்தே கிடந்தால் அப்புறம் மேல்முறையீடு கிடையாது.

இந்த நிலையில், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாள்களான தவக்காலம் வந்தது.

சபையின் தலைவியம்மா இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். சாவைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசத் தெரிந்தவர். இலக்கு வைக்காமல் அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது. முந்திய தவக்காலத்தின் இலக்கு, மருமகள்களைக் குறை சொல்லாமல் இருப்பது. நெற்றியில் இட்ட சாம்பல் உதிர்வதற்குள் அது தோற்றுப்போனது. இந்த வருஷம் சுலபமான இலக்காக எடுப்பதென்று முடிவு செய்திருந்தார்.

"அடக்கி வெச்ச அழுகை ஆன்மாவுக்கு ஆகாது. ஈஸ்டருக்குள்ள நம்ம சகோதரி அழுதாகணும். நாமதான் ஊக்கம் குடுக்கணும்."

"நல்ல பெரிய வெங்காயமா ஒண்ணு குடுத்தா போதாதா?" என்றார் பேக்கரியம்மா.

"இது ஆன்மிகம்டி."

"அப்ப மந்திரிச்ச வெங்காயம்."

இவ்வளவும் குடையக்கா பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே நடந்தது. அவர் மறுக்கவில்லை. மறுப்பதற்கு மனசில் ஏதாவது எழ வேண்டுமே.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் அவர் போனில் 'தவக்கால ஊக்கத் துளி' சொட்ட ஆரம்பித்தது. 'அன்புச் சகோதரி, மேகம் அழுதால்தான் மண் சிரிக்கும்!' கூடவே ஒரு ரோஜா, ஒரு புறா, உதிக்கிற சூரியன். குடையக்கா எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போட்டார்: 'சரி.' கல்லில் நார் உரிப்பதைப் பற்றித் தலைவியம்மா கேள்விப்பட்டிருந்தார், செய்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

துளி போதாது என்றானதும், முறை வைத்து வீட்டுக்கே ஆள் அனுப்பினார்கள்.

முதலில் போனவர் பல் டாக்டரம்மா. சொத்தையை உள்ளேயே விட்டால் தாடையே போய்விடும் என்ற தத்துவத்தோடு போனார். குடையக்கா டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். டாக்டரம்மா பேசினார், பேசினார், பேச்சு தீர்ந்துபோனது. குடையக்கா எதையும் நிரப்பவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் வேலை செய்தது.

"இழப்புன்னா எனக்கும் தெரியும்க்கா," என்றார் டாக்டரம்மா, சும்மா இருக்க முடியாமல். "எங்க அக்கா எங்கிட்ட பேசறதையே விட்டுட்டா."

குடையக்காவுக்குப் பழக்க தோஷம். "கடைசியா எங்க பாத்தீங்க?"

"ஏர்போர்ட்ல. தூரத்துல நின்னா. நான் பாக்காத மாதிரி போயிட்டேன்."

"என்ன கலர்?"

"என்னது?"

"உடுத்தியிருந்தது."

"பச்சை... இல்ல, பச்சையும் நீலமுமா ஒரு கலர்."

"அடையாளம் ஏதாவது உண்டா?"

"சிரிச்சா மேல் வரிசையில ஒரு பல்லு கோணலாத் தெரியும். நான் சரி பண்ணித் தரேன்டின்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்க்கா. படிக்கற காலத்துலேர்ந்து சொல்லிக்கிட்டே..."

அதற்கு மேல் டாக்டரம்மாவால் முடியவில்லை. ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே வாழ்ந்தவர், வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். குடையக்கா துண்டு எடுத்துவந்து கொடுத்துவிட்டு, மறுபடி எதிரே உட்கார்ந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்து பேக்கரியம்மா. வெங்காயம் கொண்டுபோகவில்லை, ஒரு கேக் கொண்டுபோனார். அவருக்குத் தொலைந்தது பாட்டு. தொண்டையில் ஆபரேஷன் செய்வதற்கு முன், கோவிலில் தனியாக எழுந்து நின்று பாடியவர் அவர். கடைசியாக எங்கே பாடினீர்கள் என்று குடையக்கா கேட்ட மாத்திரத்தில், கேக்கை வெட்டக்கூட இல்லை, மனுஷி உடைந்துபோனார். திரும்பும் வழியில் பக்கத்து வீட்டுக்காரியிடம், "போய்ப் பாருடி, அவ ஒண்ணும் சொல்றதே இல்ல. அவ்வளவு சுகமா இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி பரவியது. முறை தப்பிப் போனார்கள், முறையே இல்லாதவர்களும் போனார்கள். சபையில் சேராத ஒருத்தி, தொலைந்துபோன பூனைக்காகக்கூட வந்து அழுதுவிட்டுப் போனாள். எல்லோருக்கும் அதே நாற்காலி, அதே கேள்விகள், அதே துண்டு. துண்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு குடையக்கா வேலைக்குப் போனார்.

ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிறன்று தலைவியம்மா நிலவரத்தைப் பரிசீலித்தார்.

"போனவங்க எல்லாரும் அழுதாச்சு. அழ வேண்டியவ மட்டும் துண்டு சப்ளை பண்ணிக்கிட்டிருக்கா. இது என்னடி திட்டம்?" என்று சபையைச் சாடிவிட்டுப் பின்வரிசைக்குத் திரும்பினார். "உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிஞ்சதும் நீ எந்திரிச்சு சாட்சியம் சொல்ற. ஆண்டவர் என் துக்கத்தைச் சந்தோஷமா மாத்தினார்னு."

"மாத்தலன்னா, தலைவியம்மா?"

"மாத்துவார். ஈஸ்டருக்கு மாத்தாம என்னைக்கு மாத்துவார்?"

குடையக்காவுக்கு அந்த வாரம் முழுக்க ஒரே ஒரு நினைப்புதான் இருந்தது. தவக்காலம் அவருக்குச் சிரமமாக இல்லை. கோவிலில் பூ இல்லை, அலங்காரம் இல்லை, மாதா, புனிதர் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள், யாரும் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. ஈஸ்டர் அப்படி விடாது. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, இல்லாத சந்தோஷத்தைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், துக்கமும் இல்லாமல்தான் இருந்தது என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஈஸ்டருக்கு முதல் நாளான பெரிய சனிக்கிழமை காலையில் சபையினர் கோவிலைக் கழுவ வந்தார்கள். குத்துவிளக்கு மாதிரி நிமிர்ந்து நின்று வேலை வாங்குகிற தலைவியம்மாவை அன்றைக்கு ஆரம்பத்தில் காணவில்லை. பெஞ்சுகளைத் துடைப்பது குடையக்காவின் பங்கு. ஈரத்துணியோடு ஒவ்வொரு வரிசையாக முன்னே வந்தவர், முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பீடத்தில் விரிப்புகூட இல்லை. அப்பம் வைக்கும் நற்கருணைப் பேழை வாய் பிளந்து கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. எப்போதும் எரிகிற சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. அந்த ஒரு பகல் மட்டும் கோவிலில் பூசையும் கிடையாது, புலம்பலும் கிடையாது. குடையக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தன்னையே பார்ப்பது போல இருந்தது.

பக்கத்தில் பெஞ்சு முனகியது. தலைவியம்மா.

"இன்னைக்குத் துளி வரலியே," என்றார் குடையக்கா.

"எழுத முடியல." தலைவியம்மாவின் முகத்தில், பாலிசி கைநழுவிப்போன கடுப்பு. "மாதாவோட கண்ணீரைப் பத்தி எழுதலாம்னு நேத்து பைபிளை எடுத்தேன். சிலுவைகிட்ட அம்மா அழுதாங்கங்கற வசனத்தைப் போட்டு, 'தாயே அழுதார், நீ ஏன் அழவில்லை சகோதரி'ன்னு முடிக்கலாம்னு. நற்செய்தி எழுதின நாலு பேரோடதையும் தேடிட்டேன். அழுதாங்கன்னு எங்கயும் இல்ல."

"இல்லியா?"

"யோவான் ஒருத்தர்தான் அம்மா அங்க இருந்தாங்கன்னே எழுதியிருக்கார். சிலுவைகிட்ட நின்னுக்கிட்டிருந்தாங்களாம். நின்னாங்க, அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை கிடையாது. ஆம்பளைங்ககிட்ட எழுதக் குடுத்தா இப்படித்தான்."

"அழுதிருப்பாங்க. எழுத விட்டுப்போயிருக்கும்."

"மகதலா மரியா அழுததை அதே யோவான் அடுத்த பக்கத்துல எழுதியிருக்காரே! பேதுரு அழுததை மத்த மூணு பேரும் எழுதியிருக்காங்க. அழுதவங்களை விட்டுவைக்கல."

"நம்ம மாதா சுரூபத்துல கண்ணீர் இருக்கே?"

"அது பெயின்டர் வெச்சது."

பின்னால் யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா அழலைன்னா," என்றார் குடையக்கா, ஜன்னலுக்கு வெளியே நிற்பவரிடம் கேட்கும் அதே குரலில், "மகன்மேல பிரியம் இல்லைன்னு ஆகாதில்ல?"

தலைவியம்மா திரும்பிப் பார்த்தார். முதல்முறையாக, இலக்கைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

"அடிப்பாவி. இதையா இவ்வளவு நாளா வெச்சுக்கிட்டிருந்தே?"

"எனக்கு ஒண்ணுமே தோணல தலைவியம்மா. அவர் போனப்பவும் தோணல, இப்பவும் தோணல. கட்டை மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்." தலைவியம்மா வாழ்நாளில் சொன்ன மிகச் சிறிய ஊக்கத் துளி அதுதான். பிறகு தாங்காமல் சேர்த்துக்கொண்டார்: "எங்க வீட்ல ஒருத்தர் உயிரோட இருக்கார். அதுக்கே நான் வாரம் ரெண்டு தடவை அழறேன். அதை வெச்சு எனக்கு அவர்மேல பிரியம் பொங்கி வழியுதுன்னு யாராவது சொல்லட்டுமே பாப்போம்."

குடையக்கா துணியை மடித்தார். "நாளைக்கு சாட்சியம்..."

"அது கிடக்கு. டாக்டரைப் பேசச் சொல்லிடறேன். அவளுக்கு அழுகை, சிரிப்பு ரெண்டும் வரும்."

"அப்ப ஒரு எட்டு கல்லறைக்குப் போயிட்டு வரட்டுமா?"

"இப்பவா? பூகூட வாங்கலியே."

"பூ வேண்டாம்."

தலைவியம்மாவும் கூடவே கிளம்பினார். தன் முழங்காலைத் திட்டிக்கொண்டே வந்தார், மேட்டைத் திட்டினார், வெயிலைத் திட்டினார். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டார். புதைத்த மண் இறங்கியிருந்தது. சிலுவையில் காக்கை எச்சம் காய்ந்திருந்தது. கோவிலிலிருந்து அப்படியே கையில் கொண்டுவந்துவிட்ட ஈரத்துணியால் குடையக்கா அதைத் துடைத்தார். கணவரின் பெயர் இருந்த இடத்தையும் ஒரு முறை துடைத்துவிட்டு, நிமிர்ந்தார்.

"வருதா?" என்று கேட்டுவிட்டுத் தலைவியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வரல."

"சரி."

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டுமா?"

"நில்லு. யார் வேண்டாங்கறா?" என்று சொல்லிவிட்டு, உட்காரப் பக்கத்தில் கல் மேடை இருந்தும், தலைவியம்மாவும் நின்றார்.