பதில் வராத கேள்வி

கம்பத்தில் மச்சானின் திராட்சைத் தோட்டத்தில் இலையெல்லாம் மஞ்சள் புள்ளி விழுந்துவிட்டது. "மாப்ள, மருந்துக்கடைல ஆளுக்கொண்ணு சொல்றாக. எதத்தான் அடிக்க?" என்றார் போனில்.

இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் மென்பொருள் ஒன்றை, தேனியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடும்படி கம்பைல் செய்து பார்த்தேன். அதற்குத் தேவையான ஜிபியு லைப்ரரி என்ற துணை நிரல் தொகுப்பை வழக்கமான இடத்தில் வைக்க எனக்கு அனுமதி இல்லை. என் ஃபோல்டரில் வைத்திருந்தேன். லைப்ரரியைக் காணோம் என்ற பிழைச்செய்தியே திரும்பத் திரும்ப வந்தது.

இணையக் குழு ஒன்றில் கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவர், அந்த ஃபோல்டரின் பாதையைக் கம்பைல் செய்யும்போதும் ஓட்டும்போதும் எப்படிக் கொடுப்பது என்று பொறுமையாக எழுதினார். அப்படியே செய்தேன், ஓடியது. மச்சான் அனுப்பிய இலைப் படத்தைக் கொடுத்ததும் அடிச்சாம்பல் நோய் என்று காட்டியது. மச்சான் அதற்குரிய மருந்தை அடித்தார். பாதிக் கொடி தப்பியது.

நன்றி சொல்ல அந்தக் குழுவில் அவருடைய பதிவுகள் உள்ள பக்கத்துக்குப் போனேன். இதே சிக்கலை அவரும் முன்பு கேட்டிருந்தார். ஒருவரும் பதில் போடவில்லை. கடைசியில் தானே விடை கண்டுபிடித்து, கேள்விக்குக் கீழே எழுதி வைத்திருந்தார்.

இப்போதெல்லாம் அந்தக் குழுவில் பதில் வராத கேள்விகளைத்தான் முதலில் திறக்கிறேன்.