அட்டைமேல் நின்றவர்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று இலஞ்சியில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. இல்லாத பொருளைப் போன் கேமராவில் இருப்பதாகக் காட்டும் எஃபெக்டுகள் செய்கிறேன். அடுத்த தெரு அத்தை மட்டும் விளக்கமே கேட்கவில்லை. "கல்யாணத்துல அவரு நிக்கணும்ட்டி. எந்தப் பக்கமிருந்து பாத்தாலும் முகம் தெரியணும்" என்றாள்.

அவர் என்றால் அவள் வீட்டுக்காரர், சவுதியில் இருக்கிறார். போன வருஷம் நெஞ்சுவலி என்று ஊருக்கு வந்து படுத்ததில் லீவெல்லாம் தீர்ந்துபோயிற்று. மகள் கல்யாணத்துக்கு விடமாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அப்பாவின் உருவமாவது பக்கத்தில் நிற்கட்டும் என்று அந்தப் பெண் அழுது அடங்கியிருந்தாள்.

வேட்டி சட்டையில் கைகூப்பி நிற்கும் அவருடைய போட்டோவை வெட்டி எடுத்தேன். போட்டோ தட்டையானது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் வெறும் கோடாகிவிடும். அதனால் கேமரா எங்கே போனாலும் அதைப் பார்த்தே திரும்பும்படி செய்தேன். தரையில் ஒட்டிய ஓர் அட்டையைப் போனில் காட்டினால் அதன்மேல் அவர் வருவார். வீட்டில் தரையில் உட்கார்ந்தபடியே சோதித்தேன். அம்சமாக நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணத்தன்று காலை மண்டபத்துக்குப் போனேன். முந்தின இரவே மேடைக்கு முன்னால் தரையில் ஒட்டியிருந்த அட்டையை, மேடைப் படியில் நின்று போனில் பார்த்தேன். கேமரா மேலே இருந்ததால் அவரும் மேல்நோக்கித் திரும்பி, கைகூப்பியபடி மல்லாந்து கிடந்தார். கால் பெருவிரல்களைக் கட்டாததுதான் குறை. நெஞ்சுவலி வந்த மனிதரை மகள் கல்யாணத்தில் இப்படியா கிடத்துவது? என் கையை நானே ஒடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டேன். அலங்கார அறையிலிருந்து எட்டிப் பார்த்த கல்யாணப்பெண், அட்டை எங்கே என்று கேட்டாள். பசை விட்டுவிட்டது என்று வாய்கூசாமல் சொன்னேன். முகூர்த்தத்துக்கு முன்னால் அப்பா காலில் விழவேண்டும், சீக்கிரம் ஒட்டுங்கள் என்றாள்.

மண்டபத்துக்குள் பேசத்தான் சிக்னல் இருந்தது, நெட் ஊர்ந்தது. லேப்டாப்போடு மொட்டைமாடிக்கு ஓடினேன். குற்றாலத்துச் சாரல் அன்றைக்குப் பார்த்துத்தான் ஊரெல்லாம் தூறவேண்டுமா? பட்டுச்சேலை முந்தானையை லேப்டாப்புக்கு மேல் பிடித்துக்கொண்டேன். இடமும் வலமும் மட்டும் திரும்பு, மேலே கீழே சாயாதே. மாற்றவேண்டியது அவ்வளவுதான். ஒரு வரியைத் திருத்த நொடிகூட ஆகவில்லை, அது நெட்டில் ஏறுவதற்குள் உயிர் போய் வந்தது. கீழே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. அட்டையை ஈரத்தரையில் போட்டு, நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தேன். கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தாலும் நின்றார்.

இறங்கி ஓடி ஒட்டினேன். பெண் போனில் ஒருமுறை அப்பாவைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் விழுந்து கும்பிட்டாள். மாமன்மார், சித்திமார் என்று ஆளாளுக்குப் போனைத் தூக்கிச் சுற்றிவந்தார்கள். எல்லாருக்கும் முகம் தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியாகப் பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

அத்தை வந்து குனிந்து, பாயசம் விடுகிற சாக்கில் பேசினாள். "விடியக்காலம் மேடையில வெளக்கு வைக்கையில போன்ல பாத்தேன். படுத்துக் கெடந்தாரு."

பாயசம் இலையைத் தாண்டி ஓடியது.

"அங்கனயே போன் போட்டேன். எடுக்கல. திரும்பத் திரும்பப் போடுதேன், எடுக்கல. மவளுக்குத் தெரியக்கூடாதுன்னு பாத்ரூம்ல போய் நின்னுக்கிட்டுப் போட்டேன். உங்கிட்டச் சொல்லலாம்னு வந்தா அட்டையக் காணும். நீயும் பாத்துட்டன்னு தெரிஞ்சிட்டு."

"எடுத்தாரா அத்தை?"

"எடுத்தாரு." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அங்க இன்னும் விடியலயாம். படுத்துத்தான் கெடந்திருக்காரு."