எழும்ப மறுத்த வீடு

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து தேத்தண்ணி போடப் போகிற ஆள் நான். நில அளவையாளன். இரண்டு முனை, நடுவில் ஒரு கோடு, என் உலகம் அவ்வளவுதான். நீங்கள் இப்போதே சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், என் மனைவி மனோவும் முதலில் சிரித்தவள்தான். ஆனால் இது பட்டப்பகலில், அறுபது ஆண்களுக்கு நடுவில் நடந்தது. அந்த அறுபதில் நானும் ஒருவன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ன் வந்து, மல்கிரேவில் குடியேறி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு இந்தோனேசியாவில், சுலாவேசித் தீவின் தெற்கில், ஒரு வாய்க்கால் வேலை கிடைத்தது. வெயில் தாங்குகிறவன் என்று என்னைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள். சிட்னி, ஜகார்த்தா, பிறகு இருமல் பிடித்த ஒரு சின்ன விமானம், பிறகு ஒரு முழுநாள் ஜீப். கடைசி மூன்று மைலுக்கு ஜீப்பும் கையை விரித்துவிட, என் அளவைக் கருவியான தியோடலைட்டைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு வயல் வரப்பில் நடந்தேன்.

ஊரில் நாற்பது வீடு இருக்கும். எல்லாம் ஆளுயரத் தூண்களில் நிற்கிற மரவீடுகள். கீழே கோழிகளும் நெசவுத் தறியும், மேலே மனிதர்கள். வாசலுக்கு ஏணிப்படியால் ஏறவேண்டும். நான் ஒரு மாதம் அளந்து கீறிய வாய்க்கால் கோடு, பாசோ என்ற கிழவரின் வீட்டுக்கு நேர் நடுவால் போனது. கோட்டை வளைக்கலாமா என்று மூன்று தரம் கணக்குப் போட்டேன், வளைத்தால் தண்ணீர் ஏறாது. ஹம்சா என்று ஒரு உள்ளூர் ஆசிரியர் எனக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு, குற்றவாளி மாதிரிப் போய் நின்று சொன்னேன். கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஹம்சா ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்கள் தமிழில் சொல்கிறேன்:

"நிலம் என்ர மருமோன்ர. வீடுதான் என்ர. தூக்கிக்கொண்டு போறன், அதுக்கென்ன?"

எங்கள் ஊரில் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இந்த மனிதர் வீட்டையே தள்ளி வைக்கச் சிரித்துக்கொண்டு சம்மதிக்கிறார். பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பகிடி இல்லை. குறித்த நாளில் காலை எட்டு மணிக்கு ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். தூண்களோடு சேர்த்து நீள மூங்கில்களைக் கட்டினார்கள், பானை சட்டியெல்லாம் இறக்கினார்கள், ஏணியைக் கழற்றிப் பலா மரத்தடியில் போட்டார்கள். ஒரு பக்கத்தில் பெண்கள் மீன் பொரிக்கிற வாசம். கலியாண வீடு தோற்றுவிடும். இருநூறு கஜ தூரத்தில் அதே மருமகனுடைய மேட்டுக் காணியில் வீட்டை வைக்கவேண்டும். மண் அள்ளுகிற இயந்திரம் மறுநாள் காலையில் வரும், கிழக்கே மழை கறுத்துக்கொண்டு நிற்கிறது, அதனால் அன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. கோடு கீறியவன் சும்மா நிற்பது அழகில்லை என்று நானும் சட்டையைக் கழற்றிப்போட்டு வாசல் மூலையில் மூங்கிலுக்குத் தோள் கொடுத்தேன்.

ஊர்த் தலைவர் குரல் கொடுத்தார், எல்லாரும் சேர்ந்து கத்திக்கொண்டு எழும்பினோம். வீடு அசையவில்லை. இரண்டாம் தரம், மூன்றாம் தரம், மூங்கில்தான் முறுகியது. போன மாதம் இதைவிடப் பெரிய வீட்டை நாற்பது பேர் தூக்கினார்களாம். "ஒஸ்ரேலியாக்காரன் தூக்கிறானில்லை, தொங்கிறான்" என்று யாரோ சொல்ல ஒரே சிரிப்பு. இரண்டு பேர் உள்ளே ஏறித் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு பாய்கூட இல்லை என்று கையை விரித்துக் காட்டிவிட்டுக் குதித்து இறங்கினார்கள்.

அப்போதுதான் கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் சொன்னனான். அவளுக்குச் சொல்ல மறந்துபோனன்."

"ஆருக்கு?" என்று ஹம்சாவைக் கேட்டேன்.

"பெண்சாதிக்கு. அவ செத்து எட்டு மாசம்" என்றார், ஏதோ சந்தைக்குப் போயிருக்கிறாள் என்பது போல.

கிழவர் வாசலுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்து, "சித்தி!" என்று கூப்பிட்டார். அது அந்த அம்மாவின் பெயர், எனக்கென்னவோ எங்கள் சித்தியைக் கூப்பிட்ட மாதிரியே கேட்டது. பிறகு கெஞ்சலும் கொஞ்சலுமாக ஏதோ சொன்னார். வீடு மாறுகிறோம், கொஞ்சம் இறங்கி வா என்கிறார் என்று ஹம்சா காதுக்குள் சொன்னார். நம்பினால் நம்புங்கள். என் தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. பின்பக்கம், சமைக்கிற குசினி இருந்த இடத்திலிருந்து, அந்தச் சத்தம் ஒவ்வொரு அடியாக, அவசரமே இல்லாமல் நடந்து வந்து வாசலில் நின்றது. வாசலை நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவரும் இல்லை.

கிழவர் திடீரென்று திரும்பி எங்களைப் பார்த்துக் கத்தினார். "ஏணியை ஆரடா கழட்டினது? அவள் எப்பிடி இறங்குவாள்?"

கழற்றியவர்கள் அசடு வழியச் சிரித்துக்கொண்டு ஓடிப்போய் ஏணியைத் தூக்கிவந்து சாத்தினார்கள். எனக்குப் பக்கத்தில்தான். மேல்படி லேசாக வளைந்து நிமிர்ந்தது. பிறகு அடுத்தது. நான் அளவு பார்த்துப் பிழைக்கிறவன், ஒவ்வொரு படியும் வளைந்ததைக் கண்ணால் கண்டேன். கடைசிப் படியில், வயதானவர்கள் இறங்கும்போது பக்கத்தில் நிற்கிறவரைப் பிடிப்பார்களே, அப்படி ஒரு கை என் இடது தோளைப் பிடித்தது. காய்த்துப்போன, சூடான கை. என்னை அறியாமல் "மெல்ல, மெல்ல" என்று தமிழில் சொல்லிவிட்டேன். கை எடுபட்டது.

தலைவர் மறுபடி குரல் கொடுத்தார். வீடு கோயில் சப்பறம் மாதிரி எழும்பியது! அறுவடை முடிந்த வயலுக்குள்ளால் கூவிக்கொண்டு, ஆட்டம் போட்டுக்கொண்டு கொண்டுபோனோம், மழை விழுமுன் மேட்டில் இறக்கியும்விட்டோம். அன்று சாப்பிட்ட மீனும் சோறும் மாதிரி நான் பிறகு சாப்பிடவில்லை. கிழவர் என் தட்டை வெறுமையாக விடவே இல்லை. அந்தத் தோள் விஷயத்தை மட்டும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, ஹம்சாவிடம்கூட. களைப்பில் ஏதோ தோன்றியது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தக் கிழமையே மெல்பேர்ன் திரும்பினேன், மனோ எயாப்போட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

நாலைந்து மாதம் கழித்து ஹம்சாவிடமிருந்து கடிதம் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, பாசோ இரண்டாம் போகம் விதைத்துவிட்டார், எல்லாரும் சுகம். அடியில் நாலு வரி:

"பாசோ ஒரு விஷயம் கேட்கச் சொன்னார். சித்தி இன்னும் புது இடத்துக்கு வந்து சேரவில்லையாம். உங்கள் தோளைப் பிடித்துத்தானே இறங்கினாள், உங்களோடு வந்திருப்பாள் என்கிறார். கோபமில்லையாம். ஊர் பார்க்க அவளுக்கு எப்போதும் ஆசையாம். அங்கே குளிராமே, போர்த்துக்கொள்ள ஏதாவது கொடுக்கட்டாம்."

மனோவிடம் முழுக் கதையையும் அன்றுதான் சொன்னேன். வீடு எழும்பாத இடத்தில் சிரித்தாள், ஏணி கொண்டுவந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தோளைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இஞ்ச பாருங்கோ, விளையாடாதேங்கோ. எயாப்போட்டில உங்கட தோளைப் பிடிச்சுக்கொண்டு ஒரு வயசான மனிசி வந்தவ. பிளேனில கூட வந்த ஆரோ, நடக்க ஏலாமல் பிடிச்சுக்கொண்டு வாறா எண்டெல்லோ நான் நினைச்சனான். என்னைப் பாத்துச் சிரிச்சவ. நானும் சிரிச்சனான்."

என்னோடு யாரும் வரவில்லை. நான் தனியாகத்தான் வந்தேன்.

மனோ எழுந்து போய் ஒரு கம்பளியை எடுத்துவந்து முன் அறைக் கதிரையில் விரித்துவிட்டாள். விடிந்து பார்த்தால் கம்பளி அழகாக மடித்து அதே கதிரையில் இருக்கிறது. நான் மடிக்கவில்லை என்கிறேன், தானும் மடிக்கவில்லை என்கிறாள் மனோ. இத்தனை வருடமாக இதில் எங்களுக்குள் சண்டை ஓயவில்லை. ஹம்சாவுக்கு என்ன பதில் எழுதுவதென்றும் எனக்கு இதுவரை தெரியவில்லை.