ஃப்ளோ சேம்பரில் ஏறிய வெயில்

அப்பா என் ஆய்வகத்துக்கு வந்தது ஒரே ஒரு முறைதான். மதுரையில் இதய மருத்துவர் சொன்னதையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு, "ஒன் வேலையையும் பாத்துட்டுப் போறேன்" என்று வந்து நின்றார். இனி வெயிலில் நிற்கவே கூடாது என்பதுதான் மருத்துவர் சொன்னது. சாத்தூர்ப் பக்கம் பட்டாசு கம்பெனி நடத்துகிறவரிடம், அதுவும் தீபாவளி சீசனில், இதைச் சொல்லி என்ன பயன்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உள்ளே இருந்தது பயம்தான்.

வாசலில் நின்று சுவரைத் தடவினார்.

"செம்புத் தகடு எங்கன இருக்கு?"

கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன், பொறி பறக்காதபடி உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கத் தகட்டைத் தொடுவது அவருக்குக் கைப்பழக்கம். இங்கே வேண்டாம் என்றேன். மனசு கேட்காமல் இரும்புக் கதவையாவது தொட்டுவிட்டு வந்தார்.

நுண்ணோக்கியின் கீழே ஃப்ளோ சேம்பர் இருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய வாய்க்கால், அதன் தரையில் எலியின் இதயத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். இளஞ்சிவப்புச் சத்து நீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். நீரின் வேகத்தையும் சூட்டையும் மாற்றி மாற்றி, செல்கள் எப்படித் துடிக்கின்றன என்று படம் பிடிப்பது என் வேலை. அன்றைக்குச் சூட்டின் முறை.

திரையில் செல்கள் ஒரே தாளத்தில் துடித்தன.

"உசுரு இருக்கே!" என்றார் அப்பா.

சூட்டை ஏற்றினேன். துடிப்பு வேகமானது. இன்னும் ஏற்றியதும் தாளம் தப்பியது. ஒன்று துடிக்க, பக்கத்திலிருந்தது சும்மா கிடந்தது.

"நிறுத்தும்மா! வெயில் ஏறிருச்சுன்னா வேலைய நிறுத்தணும்னு தெரியாது?"

கம்பெனியில் ஆட்களை அதட்டும் அதே குரல். உச்சிக்கு முன்பே மருந்து வேலையை முடித்து எல்லோரையும் அனுப்பிவிடுவார்.

"ஆளுகள அனுப்பிட்டு நீங்க மட்டும் பட்டாசு காயப்போட்ட களத்துல நிக்கிறீகளே, அது எந்த ஊரு நியாயம்?" என்றேன்.

நீரைக் குளிரவிட்டேன். நின்றுபோன செல்களில் சில மெல்லத் துடித்தன. ஓரத்தில் ஒன்று அசையவே இல்லை. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது?" என்றார்.

"அது அம்புட்டுதாம்ப்பா."

கிளம்பிப் படி வரை போனார். வெளியே உச்சி வெயில். வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார்.

"பொழுது சாயட்டும்" என்று என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

சீசன் நாளில் அப்பா பகலில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.